காபூலைப் பற்றிக் கோவில்பட்டியில் ஒரு கேள்வி

ஒருவர் பேசி நிறுத்தியதும், அதை அடுத்த மூச்சில் வேறு மொழியில் சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வாருங்கள். கைபேசியே மொழிபெயர்த்துவிடும் காலத்தில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என் வீட்டில் அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். "அடுத்தவங்க பேச்சைத் திருப்பிச் சொல்லுததுக்கு எதுக்குட்டி எம்.ஏ. படிப்பு?" என்று என் மாமியார் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லாமல் போன பதிலை உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

குறிப்பு எடுப்பது, மூச்சைச் சேமிப்பது, ஒலிவாங்கியைப் பிடிப்பது இதையெல்லாம் பயிற்சியில் கற்றுத் தருவார்கள். தீப்பெட்டி இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கும், கரிசல் மண்ணைக் கண்ணாடிக் குழாயில் அள்ளிப்போன ஆராய்ச்சியாளர்களுக்கும், துறைமுகத்து வழக்குகளில் மாட்டிக்கொண்ட மாலுமிகளுக்கும் நான் வாயாக இருந்திருக்கிறேன். அதில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. மறக்காத ஒரு பகல் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு நடந்தது.

சண்முகவேல் அண்ணாச்சி கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஒரு பெண்கள் கல்லூரிக்கும் தாளாளர். அந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். அண்ணாச்சிக்கு நெடுநாளாக ஒரு கனவு. தன் கல்லூரிப் பிள்ளைகள் சிலரையாவது அமெரிக்காவில் ஒரு வருடம் படிக்க வைத்துவிட வேண்டும். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் அதற்குச் சம்மதிக்கும் நிலைக்கு வந்திருந்தது. கடைசியாகக் கல்லூரியைப் பார்த்துவிட்டுப் போக ஒருவரை அனுப்பியது. அவர்தான் ரூத் அம்மா.

ரூத் அம்மா அமெரிக்காவின் தூதரக அதிகாரியாகப் பல நாடுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். எழுபதைத் தாண்டியவர். நல்ல உயரம். ஆப்கானிஸ்தானில் மட்டும் பல ஆண்டுகள் இருந்தவர். வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அண்ணாச்சி ஒரு கூட்டமும் ஏற்பாடு செய்துவிட்டார். 'உலகெங்கும் சுதந்திரம்: அமெரிக்காவின் பங்கு' என்று பதாகை வேறு கட்டிவிட்டார்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டுவிட்டு, "மரகதம்மா, அந்தம்மா ஒரு வார்த்தை நல்லாச் சொன்னா நம்ம பிள்ளைக பொழைச்சிரும். நீங்க பாத்துப் பதனமாப் பேசணும்" என்றார்.

"அவிய பேசுததைத்தான் அண்ணாச்சி நான் பேசுவேன்" என்றேன்.

"அது தெரியும். இருந்தாலும் பதனமாப் பேசுங்க."

தூத்துக்குடியில் விமானத்தில் வந்து இறங்கியவரை அழைத்துவரக் காரில் நானும் போனேன். கார்த்திகை மழை பெய்து ஓய்ந்திருந்தது. பசுவந்தனைப் பக்கம் வரும்போது சாலையின் இரண்டு புறமும் கறுகறுவென்று ஈரக் கரிசல். அதில் உளுந்தும் மக்காச்சோளமும் பச்சைப்பசேலென்று நின்றன. ரூத் அம்மா காரை நிறுத்தச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். நான்கு எட்டு வைத்திருப்பார், செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. காலை இழுத்தால் கால் மட்டும் வந்தது. செருப்பைத் தேடிக் குனிந்தால் இன்னொரு காலும் புதைந்தது.

களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து கையைக் கொடுத்து இழுத்தார். "எம்மா, ஒங்க உசரத்துக்கு இடுப்பு வரைக்குந்தான் போவீய, பயப்படாதீய" என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ரூத் அம்மா அந்தச் சேற்றில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தார். நாட்டுத் தலைவர்களோடு கைகுலுக்கிய மனுஷி என்று அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். செருப்பு கிடைக்கவில்லை. வழியில் ஒரு பெட்டிக்கடையில் நீலவார் போட்ட ரப்பர் செருப்பு வாங்கினோம். அவர் காலுக்கு அது பாதிதான். குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதோடுதான் மேடையேறினார்.

அரங்கம் நிறைந்திருந்தது. அமெரிக்கா போகத் தேர்வாகியிருந்த மாணவிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தங்கமாரி என்ற பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் தெருக்காரி. பஸ்ஸில் போகும்போதும் யாருடனாவது வாதாடிக்கொண்டு போகிற பிள்ளை. அன்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து எச்சரித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ரூத் அம்மா இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடக்குமுறைக்கு எதிராகத் தன் நாடு எங்கெல்லாம் குரல் கொடுத்தது, எந்தெந்த நாட்டில் தேர்தல் நடக்க உதவியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, "காபூலை நாங்கள் 'லிபரேட்' செய்த பிறகு நான் அங்கே போனேன்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பதாகையில் 'சுதந்திரம்' என்று இருக்கிறது. ஆனால் ஓர் ஊரைச் 'சுதந்திரம் செய்தோம்' என்று தமிழில் சொல்ல முடியாது. 'மீட்டோம்' என்றால் யாருடையதோ பறிபோய்த் திரும்ப வாங்கிய மாதிரி இருக்கும். 'பிடித்தோம்' என்றால் அந்த அம்மா சொல்லாத பொருள் வந்துவிடும். யோசிக்க நேரம் கிடையாது. "காபூலை விடுதலை செய்த பிறகு" என்றேன். அதன் பிறகு அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய இடத்திலெல்லாம் நானும் விடுதலை என்றே சொல்லிப் போனேன். ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நாமும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். அழகுக்காக மாற்றக் கூடாது.

பேச்சு முடிந்தது. கைதட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றார்கள். யாரும் எழவில்லை. அண்ணாச்சியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நன்றியுரை சொல்ல வேண்டியவர் எழுந்து, கையில் இருந்த தாளை விரித்தார்.

அப்போதுதான் பக்கத்துக் கதவருகே இருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

திரும்பினால் செல்லத்துரை. பசுவந்தனைக்காரர். கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் சமையல் செய்கிறவர். அன்றைய மதியச் சாப்பாடும் அவர் பொறுப்புதான். தோளில் துண்டு, நெற்றியில் வேர்வை. அடுப்படியில் இருந்து எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை.

"கேளுங்க மாஸ்டர்" என்றேன்.

"அம்மா காபூல விடுதலை செஞ்சோம்னு சொன்னாவள்லா. நான் அங்கன அவிய ராணுவ முகாம்ல கொஞ்ச வருசம் சோறாக்கிப் போட்டிருக்கேன். எங்களக் கொறையில்லாம வச்சிருந்தாவ, அதை மறைக்கக் கூடாது. எங்கூட கரீம்னு ஒருத்தன், அந்த ஊருக்காரன், ரொட்டி போடுவான். அவன் மக பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதே இவிய வந்த பொறவுதான். அவன் இவியள அம்புட்டு நம்புனான். பொறவு ஒரு நாளு இவிய எல்லாத்தையும் போட்டுட்டுக் கெளம்பிட்டாவ. கரீம் அங்கனயே நின்னான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவிய விடுதலைங்காவ. நம்ம ஊர்ல ஒருத்தர அம்போன்னு போட்டுட்டுப் போனாலும் விட்டுட்டாவன்னுதான் சொல்லுதோம். ரெண்டும் விடுததுதான? இவிய செஞ்சது எந்த விடுதது? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க அக்கா."

அரங்கத்தில் தமிழ் தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவர் கன்னத்தில் கைவைத்து, புன்னகையோடு என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி நாற்காலியோடு என் பக்கம் சாய்ந்தார். "மரகதம்மா, சாப்பாடு ரெடின்னு சொல்லுதான்னு சொல்லிருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்பும்படியாகத்தான் இருந்தது. சமையல் மாஸ்டர் வந்து வேறென்ன சொல்லப்போகிறார்? ஆனால் இவ்வளவு நீளமாகவா ஒரு மனிதர் சாப்பாடு தயார் என்று சொல்வார்?

"அண்ணாச்சி, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்" என்றேன் மெதுவாக.

"அதுக பேசாது. நான் சொல்லி வச்சிருக்கேன். பிள்ளைக படிப்பு போயிரும்மா." அது மிரட்டல் இல்லை, கெஞ்சல். அந்தப் பிள்ளைகளுக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கேள்வியைக் கொஞ்சம் மழுக்கிச் சொன்னால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. 'நீங்கள் கிளம்பிய பிறகு அங்குள்ள மக்கள் நிலை என்ன?' என்று கேட்டால் அதுவும் ஏறக்குறைய அதே கேள்விதான். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தத் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்தவர் தூத்துக்குடி நீதிமன்றத்தில் மாலுமிகளுக்காகப் பேசிக்கொண்டிருந்தவர். அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "பேசுறவன் கோபப்பட்டா நீயும் கோபப்படணும்மா. ஆனா அது அவன் கோபமா இருக்கணும், ஒன் கோபமா இருக்கப்படாது. பேசுறவன் பயப்படலைன்னா நீயும் பயப்படக் கூடாது." செல்லத்துரையைப் பார்த்தேன். அவர் முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். பயம் முழுக்க அண்ணாச்சியுடையதும் என்னுடையதும்தான். அதைக் கேள்விக்குள் கலந்தால் அது கலப்படம்.

சரி, சொல்லிவிடலாம் என்றால் அடுத்த சிக்கல். அவர் கேள்வி முழுக்க 'விடு' என்ற சொல்லின் மேல் நிற்கிறது. அந்தச் சொல்லை மேடைக்குக் கொண்டுவந்தது நான். ரூத் அம்மா சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு அப்படி இரண்டாவது முகம் கிடையாது. அதனால் முதலில் அவரிடம், உங்கள் சொல்லுக்கு நான் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டேன், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று விளக்கினேன். பிறகு செல்லத்துரை சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். முகாமில் நன்றாக வைத்திருந்ததையும் சொன்னேன், கரீமின் மகளையும் சொன்னேன். கடைசி வாக்கியத்துக்கு 'லெட் கோ' என்ற ஆங்கிலச் சொல் வந்து உதவியது. கட்டை அவிழ்த்து விடுவதும் அதுதான், பிடித்த கையை விட்டுவிடுவதும் அதுதான். இரண்டில் எது என்று கேட்கிறார் என்றேன்.

ரூத் அம்மாவின் புன்னகை மெல்ல மறைந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ சாமியைக் கும்பிட்டிருப்பார்.

ரூத் அம்மா திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "கரீம் உயிரோடு இருக்கிறாரா?"

நான் கேட்டேன்.

"உசுரோடயா!" என்று செல்லத்துரை பெரிதாகச் சிரித்தார். "அமெரிக்காவுலல்லா இருக்கான்! ரொட்டிக் கடையில வேலை. போன வாரம் போன்ல பாத்தேன், தொப்பை போட்டுட்டான் படுபாவி!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. நான் தொப்பையையும் சேர்த்து மொழிபெயர்த்தேன். ரூத் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அண்ணாச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"எப்படி வந்தார்?" என்று கேட்டார் ரூத் அம்மா.

செல்லத்துரை சொன்ன கதை இது. அந்த முகாமில் சார்ஜென்ட் ஒருவர் இருந்தார். தினமும் காலையில் அடுப்படிக்கே வந்து கரீமின் ரொட்டியைச் சூடாக வாங்கித் தின்றுவிட்டுப் போவார். ராணுவம் கிளம்பியபோது அவரும் ஊருக்குப் போய்விட்டார். ஆனால் போன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. தெரிந்த அதிகாரி, தெரியாத அதிகாரி என்று ஒருவரையும் விடாமல் தொந்தரவு செய்திருக்கிறார். கரீம் குடும்பத்தோடு சொந்தக்காரர் வீடுகளில் மறைந்திருந்து, பிறகு எல்லையைக் கடந்து, பக்கத்து நாட்டில் வெகுகாலம் காத்துக் கிடந்தார். கடைசியில் அனுமதி வந்தது. அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கியபோது வாசலில் அந்த சார்ஜென்ட் பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றிருந்தாராம்.

"அதான் எனக்குக் கொழப்பம்" என்றார் செல்லத்துரை. "விட்டுட்டு வந்ததும் அவிய ஊருதான். வான்னு கூப்பிட்டதும் அவிய ஊருதான். குத்தம் சொல்லணும்னு கேக்கல அக்கா. வெளங்காமத்தான் கேக்கேன். தாயி பெரிய வேலையில இருந்தவிய, அவியளுக்குத் தெரியும்லா."

ரூத் அம்மா எழுந்து நின்றார். பேச்சு மேஜைக்குப் பின்னால் போகவில்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரப்பர் செருப்பு சத்தம் போட மேடையின் ஓரத்துக்கு வந்து, செல்லத்துரையைப் பார்த்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நாங்கள் போகிற இடமெல்லாம் விடுதலை வரும் என்று நம்பினேன். சில இடங்களில் வரவும் செய்தது. முதல் தடவை ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை என்னிடம் காட்டி அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை பொய்யில்லை. கரீமின் மகள் படித்த படிப்பும் பொய்யில்லை. ஆனால் எங்கள் அரசாங்கம் அங்கே போனதற்கு முதல் காரணம் அந்தப் பெண்கள் இல்லை. எங்கள் பாதுகாப்பு, எங்கள் நலன், அதுதான் முதல் காரணம். எங்கள் நலனும் அவர்கள் விடுதலையும் ஒரே வழியில் போனவரைக்கும் கூடவே நடந்தோம். வழி பிரிந்ததும் எங்கள் நலன் போன பக்கம் போய்விட்டோம். போன பிறகும் மேடைகளில் விடுதலை என்றே பேசினோம். இன்று நான் பேசியதைப் போல."

அண்ணாச்சி மறுபடியும் என் காதருகே வந்தார். "பத்திரிகைக்காரங்க இருக்காங்கம்மா. அந்தம்மாவுக்கே சங்கடம் வந்துரப்போவுது."

"சங்கடம் வரும்னு தெரிஞ்சுதான் அண்ணாச்சி மைக்குல பேசுதாவ" என்றேன். சொல்லிவிட்டு மிச்சமிருந்ததையும் தமிழில் சொன்னேன். 'இன்று நான் பேசியதைப் போல' என்பதையும் சேர்த்துத்தான். தன்னைத் தானே குறைத்துப் பேசுகிறவரைக் காப்பாற்றுகிறேன் என்று அதை விழுங்கிவிடும் ஆசை உங்களுக்கும் வரும். விழுங்காதீர்கள். துணிந்து ஒரு மனிதர் சொன்னதை நாம் திருடின மாதிரி ஆகிவிடும்.

ரூத் அம்மா இன்னும் முடிக்கவில்லை. "அந்த சார்ஜென்ட்டை எனக்குத் தெரியாது. அவர் செய்தது எங்கள் நாட்டின் கொள்கை என்று நான் சொன்னால் அது பொய். கொள்கைக்கு எதிராக நின்றுதான் அவர் அதைச் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சாதாரண ஆள் அரசாங்கத்தை அப்படித் தொந்தரவு செய்ய முடிகிறது, அரசாங்கமும் கடைசியில் பணிகிறது பாருங்கள், அது எங்கள் ஊரில் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

செல்லத்துரை தலையை ஆட்டினார். "ஊரு வேற, ஊரை ஆளுதவிய வேற. இப்பம் கொஞ்சம் வெளங்குது."

அப்போது தங்கமாரி எழுந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்துக் கையைக் கீழே கீழே என்று அசைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக ஆங்கிலத்திலேயே கேட்டாள். கேட்டுவிட்டு எல்லோருக்காகவும் தமிழிலும் சொன்னாள். "அப்பம் ஒரு பெரிய நாடு வந்து, ஒங்களுக்குச் சுதந்திரம் வாங்கித் தாரோம்னு சொன்னா, நாங்க நம்பணுமா வேண்டாமா மேடம்?"

"எங்கள் பேச்சை வைத்து நம்ப வேண்டாம்" என்றார் ரூத் அம்மா. "எவ்வளவு காலம் கூட நிற்போம் என்று கேளுங்கள். யாருக்குச் செலவு, யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள். எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் வகுப்பில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே என்னிடம் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டதே இல்லை."

எங்கள் ஊருக்கு வந்து என்ற சொல் அண்ணாச்சியின் காதில் விழுந்த கணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வந்துன்னா சொன்னாவ? வந்துன்னா சொன்னாவ?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் அண்ணாச்சி, வந்து என்றுதான் சொன்னார்கள் என்றேன். மனிதர் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதைப் பார்த்து அரங்கமே தட்டியது. பிள்ளைகள் போனார்களா என்று கேட்பீர்கள். போனார்கள், ஒரு வருடம் படித்துவிட்டு வந்தும் சேர்ந்தார்கள். தங்கமாரி அங்கே எந்தப் பேராசிரியரையும் நிம்மதியாக விட்டுவைக்கவில்லை என்று கேள்வி.

கைதட்டல் ஓய்ந்ததும் செல்லத்துரை கதவருகில் இருந்து கத்தினார். "அக்கா, சாப்பாடு ரெடி!"

அதையும் மொழிபெயர்த்தேன்.

சாப்பாட்டுக்கூடத்தில் வாழை இலை போட்டுச் சோறும் கோழிக் குழம்பும் உளுந்த வடையும் பரிமாறினார்கள். ரூத் அம்மா ஒரு வாய் வைத்ததும் செல்லத்துரை பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, கரீமுக்குப் போன் போடட்டுமான்னு கேளுங்க. அங்கன இப்பம் விடியக்காலம். ரொட்டிக் கடைக்காரன் முழிச்சித்தான் இருப்பான்."

ரூத் அம்மா இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர்ச் செம்பில் கைபேசியைச் சாய்த்து வைத்தார்கள். திரையில் ஒரு தாடி, வெள்ளைத் தொப்பி, முழங்கை வரை மாவு. செல்லத்துரை முகாமில் கற்ற இந்தியில் ஏதோ சொன்னார். கரீமும் இந்தியில் பதில் சொன்னார். எனக்கு இந்தி அரைகுறை. எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரூத் அம்மா திரையைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அது ஆங்கிலம் இல்லை. காபூலில் பேசும் தாரி மொழி.

கரீம் கையில் இருந்த மாவுருண்டையைக் கீழே போட்டுவிட்டுக் கூவினார். கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, இங்கே பார், இங்கே பார் என்று காட்டினார் போலிருக்கிறது. புதிது புதிதாக முகங்கள் திரைக்குள் எட்டிப் பார்த்தன. ரூத் அம்மா தாரியில் பேச, கரீம் அதை இந்தியில் செல்லத்துரைக்குச் சொன்னார். செல்லத்துரை இந்தியில் சொன்னதைக் கரீம் தாரியில் ரூத் அம்மாவுக்குச் சொன்னார். கோவில்பட்டியில் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அமெரிக்காவில் இருக்கும் ஓர் ஆப்கானிய ரொட்டிக்காரர் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. ரூத் அம்மா ஏதோ கேட்டார். கரீம் தலையைக் குனிந்து வெகுநேரம் பேசினார், பிறகு செல்லத்துரைக்கு இந்தியில் சொன்னார். என்ன என்று நான் செல்லத்துரையைப் பார்த்தேன்.

"நாங்க ஒங்களுக்கு விடுதலை குடுத்தோமான்னு அவன்கிட்டயே கேட்டுட்டாவ அக்கா" என்றார் செல்லத்துரை. "அவன் மக அமெரிக்காவுல காரு ஓட்டப் பழகுதாளாம். அவன் தங்கச்சி மக காபூல்ல, பள்ளிக்கூடத்துக்குப் போகாம வீட்டுக்குள்ளயே இருக்காளாம். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில ஒக்காந்து படிச்ச பிள்ளைகளாம். ரெண்டுக்கும் சேத்து ஒரே பதிலா என்னால சொல்ல முடியாதுங்கான்."

ரூத் அம்மா திரையை நோக்கிக் கையை நீட்டினார். கரீம் மாவுக் கையை நீட்டினார். பிறகு கரீம்தான் முதலில் பேச்சை மாற்றினார். செல்லத்துரையின் குழம்பைக் காட்டச் சொல்லி, நிறம் பத்தாது என்று குறை சொன்னார். செல்லத்துரை பதிலுக்கு அவர் தொப்பையைப் பேச்சுக்கு இழுத்தார். மறுபடியும் கூடம் கலகலத்தது.

எனக்கு அங்கே வேலையே இல்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்துகளில் நம் வாய் அடுத்தவர்களுக்காக ஓடிக்கொண்டே இருக்கும், நம் இலையில் சோறு ஆறிப்போகும். இந்த வேலையில் சேர்ந்த பிறகு நீங்களே அனுபவிப்பீர்கள். அன்று நான் கையைக் கழுவிவிட்டு வந்து, இலைக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து, ஆவி பறக்கும் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். வடையை அதில் ஊறப்போட்டேன்.

திரையில் இருந்த கரீம் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். செல்லத்துரை பதில் சொன்னார். கரீம் மறுபடி ஏதோ சொன்னார்.

"என்ன மாஸ்டர்?" என்றேன் வாய் நிறையச் சோற்றோடு.

"மூலையில ஒக்காந்து பேசாமச் சாப்பிடுதாவளே, அவிய யாருன்னு கேட்டான். எங்க பேச்சையெல்லாம் எடுத்துச் சொன்னவியன்னு சொன்னேன்." செல்லத்துரை எழுந்து குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அவியளுக்கு இன்னும் ரெண்டு துண்டு வைன்னு சொல்லுதான்."

வைத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.